நுண்குஞ்சுக்கு முதல் பதினைந்து நாள்: ஆர்டீமியாவா, புண்ணாக்கா, பாக்கெட் தீனியா?

ஆடி பிறந்து நாலாம் நாள் என் சித்தப்பா மகன் ஓமலூரிலிருந்து போன் செய்தான். “அண்ணா, கிணத்து மேட்டுல பத்து சென்ட்ல குளம் வெட்டியாச்சு. மேட்டூர்ல ஒரு லட்சம் ஸ்பானுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பெருக்குக்குள்ள விட்டுரணும். தீனி என்ன வாங்கறதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றான். கடையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்களாம். படிக்கச் சொன்னேன். ஆர்டீமியா (பொரிக்க வைத்துக் கொடுக்கும் உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை) ஒரு டப்பா, ஸ்டார்ட்டர் தீனி ஒரு மூட்டை, வைட்டமின் சி, மினரல் மிக்சர், புரோபயாடிக், மீன் எண்ணெய். ஸ்பான் என்னும் மீன் நுண்குஞ்சு வாங்கும் காசைப் போலப் பல மடங்கு அந்தச் சீட்டில் இருந்தது.

“இப்போதைக்கு ஒண்ணும் வாங்காதே, ரெண்டு நாள் பொறு” என்றேன். அந்த இரண்டு நாளில் அவனுக்காக எழுதி வைத்த கணக்குதான் இது. மேச்சேரிப் பக்கம் ஏழு வருடமாக இரண்டு நாற்றங்கால் குளம் வைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சு வாங்கி விட்டு, விரல்நுனி நீளத்துக்கு வளர்த்துக் கொடுப்பது தொழில். பண்ணைக்குட்டை வெட்டிய பலருடைய கையிலும் இதே மாதிரி ஒரு சீட்டைப் பார்த்துவிட்டேன். அதனால் அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், நாம் வாங்குவது எப்பேர்ப்பட்ட உயிர் என்று பார்க்க வேண்டும். பொரித்து மூன்று நாள் ஆன ஸ்பான் 6 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஒன்றின் எடை ஒன்றரை மில்லிகிராம்கூட வராது. ஒரு லட்சத்தையும் சேர்த்து நிறுத்தால் 150 கிராமுக்குள் அடங்கிவிடும். பிறக்கும்போது வயிற்றோடு ஒட்டியிருந்த கருவுணவுப் பை அந்த மூன்று நாளில் கரைந்து முடிந்திருக்கும். வாய் அப்போதுதான் திறந்திருக்கும், அது அரை மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. கெண்டை இனத்துக்கு வாழ்நாள் முழுவதும் இரைப்பையே கிடையாது. இந்த வயதில் குடலும் நீளாத ஒரு சின்னக் குழாய்தான். செரிமான நொதிகள் சுரப்பதும் அப்போதுதான் தொடங்கும். அப்படிப்பட்ட குஞ்சு அடுத்த பதினைந்து, இருபது நாளில் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை வளர வேண்டும். நீளம் நாலு மடங்கு என்றால் எடை அறுபது மடங்குக்கு மேல். கன்றுக்குட்டியோ கோழிக்குஞ்சோ இரண்டு வாரத்தில் அறுபது மடங்கு ஆவதில்லை. அந்த வேகத்துக்கு ஏற்ற சாப்பாடு வாய்க்குள் நுழையும் அளவில், வாய்க்கு எட்டும் தூரத்தில், பகல் முழுக்க இருக்க வேண்டும். எந்தத் தீனியை எடுத்தாலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். மண் குளத்தில் ஸ்பான் விட்டால் நூற்றுக்கு முப்பது, நாற்பது பிழைப்பதுதான் சாதாரணம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐம்பதைத் தாண்டலாம். போனது போகப் பிழைத்ததுதான் நம் காசு. தீனியின் விலை இந்த முதல் பதினைந்து நாளில் பெரிய விஷயமே அல்ல, கீழே கணக்குப் போட்டால் தெரியும். முதல் ஐந்து நாளில் குஞ்சு பட்டினி கிடந்து செத்தால் அதுதான் பெரிய நஷ்டம். குளத்தின் அடியில் கரைந்துவிடுவதால் அந்தச் சாவு கண்ணுக்கே தெரியாது. அறுவடை வலை போடும் நாளில்தான் குறைவது தெரியும்.

தண்ணீரே தீனியாகும் வழி

என் கட்சி எது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மண் குளத்தில் கெண்டை ஸ்பானுக்கு முதல் வாரம் தண்ணீரில் தானாக விளையும் பிளாங்க்டன் என்ற மிதக்கும் சிற்றுயிர்களை மிஞ்சிய தீனி கிடையாது. அது உயிரோடு அசைகிறது, குஞ்சின் கண்ணுக்குப் படுகிறது, மென்மையானது, எளிதில் செரிக்கிறது. நாள் முழுக்க நாலா பக்கமும் இருக்கிறது. புரதம், கொழுப்பு, வைட்டமின் எல்லாம் ஒரே வாயில் போய்ச் சேர்கின்றன.

பத்து சென்ட் குளத்துக்கு நான் செய்வது இதுதான். கடலைப் புண்ணாக்கு 30 கிலோ, பச்சைச் சாணம் 8 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ. எல்லாவற்றிலும் பாதியை எடுத்து ஊறவைத்துக் கரைத்து, ஸ்பான் விடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் குளம் முழுக்கத் தெளிக்க வேண்டும். மீதியைப் பின்னால் இரண்டு மூன்று தவணையாக, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் போட வேண்டும். ஹெக்டேருக்கு 750 கிலோ, 200 கிலோ, 50 கிலோ என்று மீன்வளர்ப்புப் பயிற்சிகளில் சொல்லும் அளவைத்தான் பத்து சென்ட்டுக்கு இறக்கியிருக்கிறேன். பழைய முறை ஒன்றும் உண்டு. வெறும் சாணம் 200 கிலோவைப் பதினைந்து நாள் முன்னாலேயே போட்டு விடுவது. கையில் மாடு இருக்கிறது, அவசரம் இல்லை என்றால் அதுவும் சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் பிளாங்க்டனோடு சேர்ந்து பூச்சியும் வளர்ந்துவிடும்.

பூச்சியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முதுகைக் கீழே வைத்து நீந்தும் பூச்சி, தட்டான் பூச்சியின் நீர்வாழ் குஞ்சு, நீர்வண்டு ஆகியவை ஒரு ராத்திரியில் தின்னும் ஸ்பானுக்குக் கணக்கில்லை. ஸ்பான் விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரம் முன்னால், காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டே கால் கிலோ சமையல் எண்ணெயும் முக்கால் கிலோ துணி சோப்பும் கரைத்துத் தண்ணீர் மேல் பரப்பினால் மெல்லிய படலம் நிற்கும். மேலே வந்து காற்றெடுக்கும் பூச்சிகள் மூச்சுத் திணறிச் சாகும். நல்ல தீனி போட்டும் குஞ்சு தேறவில்லை என்று என்னிடம் சொன்னவர்களில் பாதிப் பேர் இந்த வேலையைச் செய்யாதவர்கள்தான்.

தண்ணீர் தயார்தானா என்று பார்க்க ஐம்பது லிட்டர் தண்ணீரை பிளாங்க்டன் வலையில் வடித்து, குழாயில் அடியில் தங்கும் படிவை அளப்பார்கள். ஒன்றரை முதல் இரண்டு மில்லி படிவு இருந்தால் ஸ்பானை விடலாம். வலை இல்லாதவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் போதும். காலை ஏழு, ஏழரைக்குக் குளத்தில் இறங்கி, இடுப்பளவு ஆழத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கொஞ்சம் பழக்கினால், வெள்ளைத் தூசு போல மிதப்பதில் சில துகள்கள் தூசு போல நகராமல் தாமாக வழுக்கிக்கொண்டு போவது தெரியும். அவைதான் ரோட்டிஃபர், முதல் இரண்டு மூன்று நாள் சாப்பாடு. கொஞ்சம் பெரிதாக, தத்தித் தத்தி மேலேறி இறங்குவது மொய்னா என்ற நீர்த்தெள்ளு, அடுத்த நாள்களுக்கானது. கோடு கோடாகச் சட்டென்று பாய்ந்து நிற்பது சைக்ளாப்ஸ். அது மட்டும் நிறைய இருந்தால் ஸ்பானை விடாதீர்கள், பெரிய சைக்ளாப்ஸ் ஸ்பானையே கடிக்கும். குளத்தில் எதிரெதிர் மூலைகளில் நாலு டம்ளர் பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்பான் பையைத் திறப்பேன்.

இந்த வழியின் குறை ஒன்றுண்டு, அதையும் சொல்ல வேண்டும். வானம் மூடி மூன்று நாள் மழை பிடித்தால் பிளாங்க்டன் சரிந்துவிடும். ஒரு லட்சம் வாய் நாலு நாளில் குளத்தைத் துடைத்து வைத்துவிடுவதும் உண்டு. அதனால் தண்ணீரை மட்டும் நம்பிப் பதினைந்து நாளையும் ஓட்ட முடியாது.

புண்ணாக்கும் தவிடும்

கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, அரிசித் தவிடு ஒரு பங்கு. இரண்டையும் மாவாக்கி, துணியில் சலித்துத் தூவுவது. பத்து லட்சம் ஸ்பானுக்கு முதல் ஐந்து நாள் தினம் 6 கிலோ, அதற்கப்புறம் தினம் 12 கிலோ என்பது வழக்கமான அளவு. ஒரு லட்சத்துக்கு என்றால் 600 கிராம், பிறகு 1,200 கிராம். காலையும் மாலையுமாகப் பிரித்துப் போட வேண்டும். பதினைந்து நாளைக்கும் கூட்டிப் பாருங்கள்: ஐந்து நாளுக்கு 3 கிலோ, பத்து நாளுக்கு 12 கிலோ, ஆக 15 கிலோ. ஏழரைக் கிலோ புண்ணாக்கு, ஏழரைக் கிலோ தவிடு. ஒரு கறவை மாட்டுக்கு வாங்கும் அளவுகூட இல்லை.

முதல் நாளே 600 கிராம் என்பது ஒரு லட்சம் குஞ்சின் மொத்த எடையைப் போல நாலு மடங்கு. அவ்வளவையும் அவை தின்பதில்லை. பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து உரமாகி, ரோட்டிஃபருக்கும் மொய்னாவுக்கும் போய், அங்கிருந்து குஞ்சின் வாய்க்கு வருகிறது. தின்றதுபோக மிச்சமும் வீணாகாத ஒரே தீனி இதுதான், அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது.

சத்து என்று பார்த்தால் குறை இருக்கிறது. இந்த வயதில் கெண்டைக் குஞ்சுக்கு நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் புரதம் வேண்டும். புண்ணாக்கில் அது இருக்கிறது, ஆனால் தவிட்டில் பன்னிரண்டு, பதின்மூன்றுதான். கலந்தால் முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதோடு கடலைப் புரதத்தில் லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் போதாது. பிளாங்க்டன் இருக்கும்வரை அந்தப் பள்ளத்தை அது நிரப்பிவிடும். ஒரு வாரம் போனபின் பிளாங்க்டன் மெலிகிற நேரத்தில்தான் குஞ்சின் வளர்ச்சி மந்தமாகும். அப்போது தவிட்டைக் குறைத்து, நல்ல மீன் தூளோ வறுத்தரைத்த சோயா மாவோ கலந்தால் வித்தியாசம் நாலைந்து நாளில் தெரியும். வறுக்காத சோயாவைப் போடக் கூடாது, செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் செக்குக்குக் குறைவில்லை. ஆட்டிய வாரத்திலேயே புண்ணாக்கு கையில் கிடைக்கிறது. அதை மூன்று மாதம் ஈர நிலத்தில் மூட்டையாகக் கிடத்தி வைத்து, பூஞ்சை பிடித்த பின் அரைத்துப் போடுவதைத்தான் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. கடலையில் வரும் பச்சைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைத் தாக்கும், வேக வைத்தாலும் முழுதாகப் போகாது. கட்டியை உடைத்து முகர்ந்து பாருங்கள். கடலை வாசம் வந்தால் எடுங்கள். புழுங்கிய வாடை வந்தால் அதைக் குளத்துப் பக்கமே கொண்டு போகாதீர்கள், மாட்டுக்கும் வேண்டாம். தவிடும் அப்படித்தான், மில்லிலிருந்து வந்த சில நாளிலேயே எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறதே, தவிட்டுக்குப் பதிலாகப் போடலாமா என்று நம் பக்கத்தில் தவறாமல் கேட்பார்கள். குஞ்சுப் பருவத்தில் வேண்டாம். அது மாவும் நாரும்தான், புரதம் பேருக்கு இருக்கும். குளத்தின் அடியில் போய்ப் புளித்து ஆக்சிஜனைத் தின்னும்.

பாக்கெட் தீனி

கம்பெனிகள் விற்கும் ஸ்டார்ட்டர் தூளில் புரதம் நாற்பதுக்கு மேல். வைட்டமின், தாது எல்லாம் ஏற்கெனவே சேர்த்திருக்கும். துகள் ஒரே அளவாக இருக்கும். மூட்டையில் தயாரித்த தேதி இருக்கும். குறை சொல்ல இடம் இல்லாத தீனி. எந்த நாளிலிருந்து கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செரிமானம் முதிராத முதல் மூன்று நாலு நாளில் இதை மட்டும் கொடுத்தால், குஞ்சு தின்றும் தேறுவதில்லை. உயிருள்ள தீனியோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, ஆறாம் ஏழாம் நாளிலிருந்து கூட்டினால் நன்றாக எடுத்துக்கொள்ளும். ஹாப்பா என்ற, தண்ணீருக்குள் கட்டும் நுண்வலைக் கூண்டிலோ சிமெண்ட் தொட்டியிலோ நெருக்கமாக வளர்ப்பவர்களுக்கு, அங்கே பிளாங்க்டன் போதாது என்பதால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

மூன்று வருடம் முன் என் குளத்திலேயே இரண்டு ஹாப்பா கட்டி, இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் குஞ்சு விட்டு, ஒன்றில் புண்ணாக்குத் தவிடும் மற்றதில் பாக்கெட் தீனியும் போட்டுப் பார்த்தேன். பாக்கெட் தீனி தின்றவை நீளமாக இருந்தன, அது கண்ணுக்கே தெரிந்தது. ஹாப்பாவுக்கு வெளியே, அதே குளத்தில் பிளாங்க்டனும் தின்று வளர்ந்தவற்றோடு வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. அதனால் பத்து சென்ட் மண் குளத்துக்கு ஒரு மூட்டை வாங்கி வைப்பது வீண். திறந்த மூட்டை மழைக்காலத்தில் ஒரு மாதம் தாங்காது. இரண்டாவது வாரத்துக்கு வேண்டுமானால் ஐந்து கிலோ பிரித்து வாங்கலாம்.

நீங்களும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். தலையையும் எண்ணுங்கள். பாதி செத்துப்போன ஹாப்பாவில் மிச்சம் இருப்பவை இடமும் தீனியும் தாராளமாகக் கிடைத்துப் பெரிதாகிவிடும். “எங்க மருந்து போட்டதுல எவ்வளவு பெருசு பாருங்க” என்று காட்டும்போது, எத்தனை விட்டு எத்தனை எடுத்தார்கள் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

ஆர்டீமியா

உப்பு ஏரிகளில் விளையும் ஒரு சிறு உயிரின் முட்டை. டப்பாவில் வருடக்கணக்கில் தூங்கும். ஏறக்குறைய கடல் நீர் அளவு உப்புக் கரைசலில், 28 டிகிரி வெப்பத்தில், வெளிச்சமும் காற்றும் கொடுத்தால் ஒரு நாளுக்குள் பொரிந்து ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும். உயிருள்ள தீனியை நினைத்த நாளில் உண்டாக்கிக் கொள்ளலாம் என்பதுதான் இதன் பெருமை. பொரிந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். தன் கருவுணவைத் தானே தின்று தீர்த்தபின் அதில் சத்து குறைந்துவிடும்.

தம்பிக்குப் போட்ட கணக்கு இது. ஒரு கிராம் முட்டையில் இரண்டு லட்சம் பொரியும் என்று வையுங்கள். ஒரு குஞ்சுக்கு நாளைக்கு நூறு என்றால் ஒரு லட்சம் குஞ்சுக்கு ஒரு கோடி, அதாவது தினம் 50 கிராம் முட்டை. ஐந்து நாளில் கால் கிலோ, டப்பாவில் பாதிக்கு மேல். டப்பா விலை சில ஆயிரம். சரி, காசு போனால் போகட்டும். பத்து சென்ட் குளத்தில் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் நாலு லட்சம் லிட்டர். ஒரு கோடியை அதில் கொட்டினால் லிட்டருக்கு 25. ஒரு டம்ளருக்கு ஐந்து, ஆறு. நன்றாகத் தயாரான குளத்தில் அதே டம்ளரில் எண்ண முடியாத அளவு ரோட்டிஃபர் இருக்கும். தவிர ஆர்டீமியா உப்புத் தண்ணீர்ப் பிராணி, நம் குளத்தில் சில மணி நேரத்தில் செத்து அடியில் போய்விடும். அளவும் ஒத்துவராது. பொரிந்த ஆர்டீமியா அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில், ரோட்டிஃபரைப் போல இரண்டு மூன்று மடங்கு.

ஆனால் விரால் என்றால் கதையே வேறு. விரால் குஞ்சு பிறவியிலேயே இரை பிடித்துத் தின்பது. பசித்தால் கூடப் பிறந்ததையே விழுங்கும். ஐந்நூறு லிட்டர் தொட்டியில் பத்தாயிரம் விரால் குஞ்சு வைத்திருப்பவர் ஆர்டீமியாவுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வரும். சின்ன இடம், நெருக்கமான இரை, தின்றதும் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். சேலத்துச் சந்தையில் உயிர் விராலுக்கு இருக்கும் கிராக்கிக்கு அந்தச் செலவு தாங்கும். விராலுக்கும் முதல் வாரத்துக்கு அப்புறம் மொய்னாவுக்கு மாற்றி, பிறகு மெல்ல மெல்லத் தூள் தீனிக்குப் பழக்க வேண்டும். அளவு பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும்.

மொய்னாவை நாமே வளர்க்கலாம் என்பதால் ஆர்டீமியாவுக்கு ஏழையின் பதில் என்றே அதைச் சொல்லலாம். இருநூறு லிட்டர் டிரம், குளோரின் இல்லாத தண்ணீர், துணியில் கட்டிய சாணமும் ஊறிய புண்ணாக்கும், அல்லது கொஞ்சம் ஈஸ்ட் கரைசல். தண்ணீர் லேசாக மங்கலாக இருக்க வேண்டும், நாறக் கூடாது. ஏரியிலிருந்தோ தெரிந்தவரிடமிருந்தோ விதை மொய்னா வாங்கி விட்டால் ஐந்து முதல் ஏழு நாளில் டிரம் சிவந்து மொய்க்கும். நன்னீர் உயிர் என்பதால் குஞ்சு தின்னும்வரை குளத்தில் உயிரோடு இருக்கும். தினம் கால் பங்குக்கு மேல் வடிக்காதீர்கள். ஒரே டிரம்மை நம்பவும் வேண்டாம், எந்தக் காலையிலும் காரணம் தெரியாமல் மொத்தமும் செத்துக் கிடக்கும். மூன்று டிரம்மை மூன்று நாள் இடைவெளியில் தொடங்குங்கள். மழை பிடித்துக் குளத்துப் பிளாங்க்டன் சரியும் நாளில் இந்த மூன்று டிரம்தான் கை கொடுக்கும்.

அவித்த முட்டை மஞ்சள் கரு பற்றி ஒரு வரி: துணியில் பிழிந்து, ஸ்பானைத் தொட்டியில் ஒரு ராத்திரி வைத்திருக்க வேண்டி வந்தால் கொடுக்கலாம். குஞ்சுக்கு வேண்டிய லெசித்தின் அதில் நிறைய. ஆனால் தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும், அதற்கு மேல் நீட்டக் கூடாது.

பாட்டில்கள்

சத்து மருந்து எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. எந்த இடத்தில் எது குறைகிறதோ அங்கே அது மருந்து. குறையாத இடத்தில் செலவு.

வைட்டமின் சி இவற்றில் உண்மையான தேவை உள்ளது. பெரும்பாலான மீன்களால் அதைத் தம் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. தொடர்ந்து குறைந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும், ‘எஸ்’ போல நெளிந்த குஞ்சுகளைத் தொட்டிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் பிளாங்க்டன் தின்னும் குஞ்சுக்கு அதிலேயே கிடைக்கிறது. தொட்டியில் வெறும் தூள் தீனி தின்பதற்குத்தான் தனியாக வேண்டும். அப்போதும் சாதாரண வைட்டமின் சி-யைத் தீனியில் தூவினால் தண்ணீரில் கரைந்துவிடும், சூட்டிலும் காற்றிலும் கெட்டுவிடும். பாஸ்பேட்டோடு சேர்த்து நிலைப்படுத்திய வகை என்று பார்த்து வாங்க வேண்டும், அது பாக்கெட் தீனியில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும்.

மினரல் மிக்சர்: மீன் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நம் போர் தண்ணீரில் குடம் வெளுக்கும் அளவு அது இருக்கிறது. பாஸ்பரஸ்தான் தீனி வழியாக வர வேண்டும், அது மீன் தூளிலும் பிளாங்க்டனிலும் இருக்கிறது. ஆக மண் குளத்துக்கு இது தேவை இல்லை.

மீன் எண்ணெய்: கடல் மீன் குஞ்சுக்கு நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் கட்டாயம், அங்கே ஆர்டீமியாவுக்கே எண்ணெய்ச் சத்து ஏற்றித்தான் கொடுப்பார்கள். நன்னீர்க் கெண்டை, குட்டைச் சங்கிலிக் கொழுப்பிலிருந்து ஓரளவு தானே நீட்டிக்கொள்ளும். கடல் பண்ணைக்கு எழுதிய சீட்டை ஓமலூர்க் குளத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோபால்ட் குளோரைடு மிகமிகச் சிறிய அளவில் கொடுத்தால் கெண்டைக் குஞ்சு அதிகம் பிழைக்கும் என்று பழைய இந்திய ஆய்வுகள் சொல்கின்றன. மில்லிகிராமில் நிறுக்கத் தராசு இல்லாத நாம் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

புரோபயாடிக்கைச் சொல்லும்போது எனக்கு ஒரு காலை ஞாபகம் வரும். நான் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு கடையில் சொன்னபடி அந்தத் தூளை வெல்லத்தில் புளிக்க வைத்து ஒரு வாளியைச் சாயங்காலம் குளத்தில் ஊற்றினேன். விடியற்காலை நாலரைக்கு டார்ச்சோடு போனால், ஓரம் முழுக்கக் குஞ்சுகள் வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் துடித்துக்கொண்டிருந்தன. வெல்லத்தைத் தின்று பெருகிய நுண்ணுயிர் ராத்திரி முழுக்க ஆக்சிஜனை இழுத்திருக்கிறது. மோட்டாரைப் போட்டு மேலேயிருந்து தண்ணீர் கொட்டவிட்டேன், பாதியைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. நல்ல நுண்ணுயிர் குடலுக்கு உதவும் என்பதில் உண்மை இருக்கிறது. காற்று மெஷின் உள்ள தொட்டியில், தீனியில் கலந்து கொடுப்பவருக்கு அது பயன்படலாம். காற்று இல்லாத மண் குளத்தில், அதுவும் மாலையில், ஊற்றவே கூடாது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு

மலையில் காப்பித் தோட்டத்துக் குட்டையில் மீன் விட நினைப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் குளிர்ந்தால் குஞ்சின் பசியும் செரிமானமும் மந்தம், பிளாங்க்டனும் மெதுவாகத்தான் விளையும். எந்தச் சத்து மருந்தும் வெப்பத்துக்கு ஈடாகாது. அங்கே ஸ்பானைக் கொண்டு போக வேண்டாம். கீழே வளர்த்த, விரல் நீளம் தாண்டிய குஞ்சுகளை, அதிலும் குளிர் தாங்கும் சாதாக் கெண்டையைக் கொண்டு போங்கள். ஆக்சிஜன் பையை முக்கால் அளவுக்கே ஊதிக் கட்டச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள், கடைகளில் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதைப் போலப் பையும் உப்பிவிடும். மேலே போனதும் பையை அரை மணி நேரம் குட்டையில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, அப்புறம் விடுங்கள்.

தம்பி கடைசியில் வாங்கியது செக்குப் புண்ணாக்கு, மில் தவிடு, இரண்டாம் வாரத்துக்கு மூன்று கிலோ மீன் தூள், பழைய டிரம் மூன்று, ஒரு கண்ணாடி டம்ளர். கடைச் சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டான். ஸ்பான் விட்டு நாலாம் நாள் காலையில் போயிருந்தேன். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பத்துக் குஞ்சை மொண்டு இருவரும் குனிந்து பார்த்தோம். உடம்பு இன்னும் கண்ணாடிதான், கண் இரண்டும் கருப்புப் புள்ளி, நடுவில் பழுப்புப் பச்சையாக ஒரு நூல். அந்த நூல்தான் நிறைந்த குடல். எட்டில் இருந்தது, இரண்டில் இல்லை.

“இந்த ரெண்டுக்கும் என்னங்கண்ணா?” என்றான். எங்கே மொண்டாய் என்று கேட்டேன். கிழக்கு மூலையைக் காட்டினான். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது என்று நினைத்து மேற்குக் கரையில் நின்றே தினமும் தூவியிருக்கிறான். கிணற்று மேட்டு வேப்பமரம் காற்றைத் தடுத்ததால் மாவு பாதிக் குளத்தைக்கூடத் தாண்டவில்லை. மறுநாளிலிருந்து நாலு கரையிலும் நடந்து தூவச் சொன்னேன். கிழக்கு மூலைக்கு அன்று சாயங்காலமே முதல் டிரம் மொய்னாவை வடித்து ஊற்றினோம்.